ஒரு தித்திப்பான பொய்

பொய்களில் பல தினுசு உண்டு. வாயால் சொல்லும் பொய், கையால் எழுதும் பொய், தலையை ஆட்டிச் சொல்லும் பொய் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இவற்றுக்கெல்லாம் மேலாக, வாயைத் திறவாமல் இருப்பதனாலேயே சொல்லப்படும் பொய் ஒன்று இருக்கிறது. அது மிகவும் சௌகரியமானது. செலவில்லாதது. பின்னால் யாரும் நமக்கு விரோதமாகச் சாக்ஷி சொல்லவும் முடியாது. அத்தகைய பொய் ஒன்றைச் சென்ற வருஷத்துக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் நாம் சொன்னோம். ஒரு வருஷ காலம் அதைச் சுமந்தோம். அதை இறக்கி வைத்த விருத்தாந்தமே இது.

நாம் குடியிருப்பது அமெரிக்காவில், நியூ ஜெர்ஸி மாகாணத்தில். நம் ஊரில் தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போதே தெருவெல்லாம் நெய் மணக்கும் அல்லவா? அதுபோல இங்கே டிசம்பர் பிறந்தால் வீட்டுக்கு வீடு வெண்ணெயும் லவங்கப்பட்டையும் மணக்கும். பலகாரத் தட்டுகள் அண்டை அயலுக்குப் போவதும் வருவதுமாக இருக்கும். அவற்றுள் குழந்தைகளின் மனத்தை அடியோடு கொள்ளை கொண்டது ஒன்று உண்டு. அடியில் பிஸ்கட், நடுவில் சாக்லேட், மேலே மார்ஷ்மெல்லோ என்னும் வெள்ளை வெளேரென்ற மிட்டாய். பெரிய தட்டில் ஒரே பாளமாகச் சுட்டு, மைசூர்பாகு போலத் துண்டு போடுகிறார்கள். வாயில் வைத்தால் மேல் பாகம் மேகம் மாதிரி கரைந்துவிடும்.

இதன் பூர்வோத்தரம் ரஸமானது. அமெரிக்கச் சாரணச் சிறுமியர் 1927-ஆம் ஆண்டில் வெளியிட்ட கையேடு ஒன்றில், காட்டில் தீ மூட்டி இதே மூன்றையும் சேர்த்துத் தின்னும் முறை அச்சாகியிருக்கிறது. அந்தத் தீனி அடுப்பங்கரைக்குள் வந்து தட்டில் ஏறியதுதான் இந்தத் துண்டுகள்.

சென்ற டிசம்பரில் நமது தாயார் ராமநாதபுரத்திலிருந்து வந்திருந்தாள். எட்டு வயதான நமது சிரஞ்சீவி ஒரு சிநேகிதன் வீட்டில் கூட நின்று செய்த துண்டுகளை ஒரு தகர டப்பாவில் போட்டுக்கொண்டு ஓடி வந்து, "அப்பத்தா, உனக்குத்தான் முதலில்!" என்று அவள் வாயில் ஊட்டினான். ஜன்மத்தில் மாமிசத்தின் வாடையும் அறியாத அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டுவிட்டு, "என் பேரன் கைப்பக்குவம்!" என்று உருகிப் போனாள். அன்றிரவே ராமநாதபுரத்து உறவினர் அனைவருக்கும் டெலிபோனில் செய்தி போயிற்று.

மறுநாள் கடையில் மார்ஷ்மெல்லோப் பொட்டலம் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தோம். சர்க்கரை, சோளப்பாகு, ஜெலட்டின் என்று அச்சிட்டிருந்தது. ஜெலட்டின் என்பது மிருகங்களின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசை. இந்த நாட்டு மிட்டாய்களில் பெரும்பாலும் அது பன்றியினுடையது. யூதர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் கூட இது சங்கடந்தான். அவர்களுக்கென்று மீனிலிருந்தும் மாட்டிலிருந்தும் எடுத்த ஜெலட்டினில் செய்து தனியாக விற்கிறார்கள். நமது இல்லத்தரசி நம்மைப் பார்த்தாள். நாம் அவளைப் பார்த்தோம். பொட்டலத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வீடு திரும்பினோம். அவ்வளவுதான் நாம் சொன்ன பொய்.

இந்த வருஷம் தாயார் மறுபடியும் வந்தாள். பையன் வழக்கம் போல், "அப்பத்தாவுக்கு மறுபடி செய்யப் போகிறேன்" என்றான். வேண்டாம் என்றோம். ஏன் என்றான். விஷயத்தைச் சொன்னோம். அவன் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "போன வருஷம் தின்றது அப்பத்தாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டான். நாம் பேசவில்லை. "அப்படியானால் நானும் சொல்லக் கூடாதா?" என்றான். இவனுக்கு அரிச்சந்திரன் கதை சொல்லித் தூங்கப் பண்ணியவர்கள் நாம்! நமது பொய்க்கு இப்போது இந்தக் குழந்தையும் பங்காளியாக வேண்டும் என்று நினைத்தபோது நெஞ்சு திடுக்கிட்டது.

தாயார் கொண்டைக்கடலையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னோம். அவள் கை நின்றது. பேச்சில்லை. எழுந்து போய் ஸ்நானம் செய்துவிட்டு வந்தாள். இராத்திரி ஒரு தம்ளர் பாலோடு படுத்துவிட்டாள்.

காலையில்தான் பேசினாள். "குழந்தை தெரியாமல் கொடுத்தான், நான் தெரியாமல் தின்றேன். அதில் யாருக்கும் தோஷமில்லையடா. தெரிந்துகொண்டு ஒரு வருஷமாக என்னோடு பேசிச் சிரித்தீர்களே, அதுதான் எனக்கு ஜீரணமாகவில்லை. எனக்கோ இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. நீங்கள் வைக்கிறதைத்தானே நம்பித் தின்கிறேன்?"

இதற்கு நம்மிடம் சமாதானம் இல்லை. மூன்று நாள் அவள் தன் கையாலேயே சோறு வடித்துச் சாப்பிட்டாள். மருமகள் மேல் கோபமில்லை. பேரனோடு கொஞ்சுவதும் நிற்கவில்லை. ஆயினும் அந்தச் சிறு பாத்திரம் தனியாகக் கொதிக்கும் சப்தம் நம்மைக் குத்திக்கொண்டே இருந்தது.

வழி கண்டவன் பையன்தான். மாமிசம் சேராமல் செய்ய முடியுமா என்று தேடச் சொன்னான். தேடினோம். ஆதியில் இந்த மிட்டாய்க்கும் மிருகத்துக்கும் சம்பந்தமே கிடையாது என்று தெரிந்தது. மார்ஷ்மெல்லோ என்பது சதுப்பு நிலத்தில் வளரும் ஒரு செடியின் பெயர். நம் துத்தி, வெண்டை, பருத்தி இவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் வேரிலிருந்து வரும் வழவழப்பான சாற்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மிட்டாய்க்காரர்கள் சர்க்கரையும் முட்டை வெள்ளையும் சேர்த்து அடித்து நுரையாக்கினார்கள். வேலை அதிகம் என்று பிற்பாடு வேரை விட்டு ஜெலட்டினைப் பிடித்துக்கொண்டார்கள். "வெண்டைக்காய்க்கு உறவா?" என்று தாயார் முதல் முறையாகத் தலை நிமிர்ந்தாள்.

அடியில் போடும் பிஸ்கட்டுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. சில்வெஸ்டர் கிரஹாம் (1794–1851) என்ற அமெரிக்கப் பாதிரியார், மதுவும் மாமிசமும் ஆகாது, தவிடு நீக்காத கோதுமை மாவே உத்தமம் என்று பிரசாரம் செய்தவர். அவர் பெயரால் வழங்குவதே கிரஹாம் பிஸ்கட். இப்போது அதில் சேரும் சர்க்கரையைக் கண்டால் அவர் கண்ணீர் வடிப்பார்! மகாத்மா காந்தியும் ஜோஹான்னஸ்பர்க்கில் இருந்தபோது, கடை ரொட்டியை நிறுத்தி, 7 பவுன் கொடுத்துக் கைத்திரிகை வாங்கி, குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டு மாவு அரைத்து வீட்டிலேயே ரொட்டி சுட்டார். தின்பது இன்னதென்று தெரிந்து தின்ன வேண்டுமானால், செய்வதில் கொஞ்சமாவது நம் கை பட வேண்டும் என்பதன் பொருள் நமக்கு இப்போதுதான் விளங்கிற்று.

ஜெலட்டினுக்குப் பதில் கடற்பாசி. இந்தியக் கடையில் வாங்கி வந்த வெள்ளை இழைகளைப் பார்த்ததும் தாயாரின் முகம் மலர்ந்தது. "இதை எனக்குத் தெரியாதா? நோன்பு மாதத்தில் பக்கத்து மரைக்காயர் வீட்டம்மாள் கிண்ணத்தில் உறைய வைத்து அனுப்புவாளே!" என்றாள். இந்தப் பொட்டலம் எந்தக் கடலில் பிறந்ததோ, நாம் அறியோம். ஆனால் மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரத்துக் கரையோரப் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி முழுகி, பாறையிலிருந்து பாசி பறிப்பதை அவள் அறிவாள். 21 தீவுகளை உள்ளடக்கி 1986-இல் அங்கே கடல் தேசியப் பூங்கா ஏற்பட்டது முதல் அந்தப் பெண்களின் பாடு இன்னும் கஷ்டமாயிற்று என்பதையும் சொன்னாள். பேரன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

முட்டை வெள்ளைக்குப் பதில் வேறொரு ஆச்சரியம். கொண்டைக்கடலை வேகவைத்த நீரை அடித்தால் முட்டையைப் போலவே நுரைக்கும் என்று 2014-இல் ஜோயெல் ரோஸெல் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டறிந்து வெளியிட்டார். "ரஸத்துக்கு ஆகிற தண்ணீரை இப்படி அடித்துப் பாழாக்குவதா?" என்று தாயார் ஆட்சேபித்தாள். ஆனாலும் கடலையை அவளே ஊறப்போட்டாள்.

ஒன்றரைக் கிண்ணம் பிஸ்கட் தூளில் ஆறு மேஜைக்கரண்டி உருக்கிய வெண்ணெயும் கால் கிண்ணம் சர்க்கரையும் பிசறித் தட்டில் அழுத்தி, 350 டிகிரி பாரன்ஹீட் சூட்டில் பத்து நிமிஷம் சுட்டோம். சூட்டோடு சாக்லேட் துண்டுகளைத் தூவினோம். அதுவரை சுகம். பிறகு வந்தது வினை. கடற்பாசி நன்றாகக் கொதித்துக் கரையுமுன் அவசரப்பட்டுப் பாகில் விட்டோம். அது கட்டி கட்டியாகத் திரண்டது. நுரை உட்கார்ந்துவிட்டது. நமது இல்லத்தரசி கண் கலங்கினாள்.

"பாகு விஷயத்தில் பதறினால் ஆகுமா? தள்ளு!" என்று தாயார் அடுப்பண்டை வந்தாள். மூன்று நாளைக்குப் பின் மாமியாரும் மருமகளும் ஒரே பாத்திரத்தின் மேல் குனிந்தார்கள். பாசியை ஊறவைத்து இழை தெரியாமல் கரைத்து, சர்க்கரை சேர்த்துக் கம்பிப் பதம் தாண்டும் வரை காய்ச்சி, பையன் அடித்துக்கொண்டிருந்த நுரையில் நூல் போல விட்டார்கள். பாசி, சூடு 40 டிகிரி சென்டிகிரேடுக்கு இறங்கினாலே உறையத் தொடங்கிவிடும். மறுபடி இளகச் சுமார் 85 டிகிரி வேண்டும். ஆகவே ஒரு கணமும் தாமதியாமல் பிஸ்கட் மேல் பரப்பினோம். ஒரு மணி நேரத்தில் பால் போல உறைந்து நின்றது.

முதல் துண்டு சுவாமி படத்துக்கு முன் போயிற்று. பிறகு தாயார் ஒரு விள்ளல் வாயில் போட்டாள். நாங்கள் மூவரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"போன வருஷத்தது கரைந்தது. இது கரையவில்லை. கடிக்க வேண்டியிருக்கிறது" என்றாள். வாஸ்தவம். ஜெலட்டின் உடம்புச் சூட்டிலேயே இளகிவிடும், பாசி இளகாது. பிறகு இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டாள்.

அன்றிரவு முதல் தனிச் சோறு நின்றது. ஆனால் ஒரு புது வழக்கம் ஏற்பட்டுவிட்டது. கடையிலிருந்து எந்த டப்பா வந்தாலும் தாயார் பேரனைக் கூப்பிட்டு, "படியடா, அப்பா!" என்கிறாள். அவன் அதிலுள்ள சரக்குகளை ஒவ்வொன்றாக உரக்கப் படித்துத் தமிழில் அர்த்தம் சொல்கிறான். அவள் கேட்டுவிட்டுத்தான் மூடியைத் திறக்கிறாள். நாம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது. இருக்க வேண்டியதுதான்.