கமாவின் வால்

உல்லாஸ்நகரில் வேலை என்றால் ஊரில் எல்லோரும் "அது பம்பாய்ல எங்க இருக்கு?" என்பார்கள். பம்பாய் இல்லைங்க, கல்யாண் தாண்டி. பிரிவினையில் வந்த சிந்திக்காரர்களைத் தங்கவைத்த பழைய ராணுவ முகாம். 1949 ஆகஸ்ட் 8-ல் அடிக்கல் நாட்டியது யார் தெரியுமா? அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த நம்ம ராஜாஜி! இன்றைக்கும் விலாசம் சொல்வது கேம்ப் 1, கேம்ப் 4 என்றுதான்.

2014-ல் அங்கே ஒரு வங்கிக் கிளையில் இருந்தேன். அந்த வருஷம் ஏப்ரல் 8-ஓடு விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. அதனால் எங்கள் கணினிகளை மாற்றினார்கள், கூடவே ரிப்போர்ட் அடிக்கும் மென்பொருளும் புதுப் பதிப்புக்குப் போனது. (பெயரெல்லாம் வேண்டாம், எனக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி இருக்கு.)

முதல் வாரம் ஒரே கூத்து. தாள் அளவு ஏ4-லிருந்து தானாகவே லெட்டருக்குத் தாவிவிட்டது. லெட்டர் கிட்டத்தட்ட 18 மில்லிமீட்டர் குட்டை. அதனால் ஒவ்வொரு அறிக்கையிலும் கடைசி இரண்டு வரி மட்டும் அடுத்த தாளில் போய் உட்கார்ந்தது. அதைச் சரி செய்துவிட்டு நிம்மதியாக இருந்தோம்.

பத்தாம் நாள் ஆச்சி வந்தார். திருநெல்வேலிப் பக்கம், கேம்ப் 4-ல் இட்லி வியாபாரம். படிக்கத் தெரியாது, ஆனால் எண் தெரியும். கவுன்டரில் பாஸ்புக்கை வைத்தார்.

"எய்யா, என் லட்சத்தைக் காணலையே?"

மீதி 14,600.00 என்று இருந்தது. திரையில் பார்த்தேன். 1,14,600.00.

"பணம் இருக்கு ஆச்சி, அச்சுலதான் தப்பு" என்றேன். ஆச்சி சந்தோஷப்படவில்லை. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஏடிஎம் கார்டு மகனிடம் இருந்ததாம், ஜீன்ஸ் பட்டறையில் வேலை பார்க்கும் பையன். அக்கா கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தை எடுத்துத் தின்னுட்டியா என்று தெருவில் வைத்துக் கேட்டிருக்கிறார். பையன் வீட்டை விட்டுப் போய் இரண்டு நாள் ஆகிறது.

பாஸ்புக்கைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 14-க்கு முன்னால் ஈயின் கால் மாதிரி ஒரு கறுப்புத் துளி. கமாவின் வால்!

விஷயம் இதுதான். பழைய வடிவமைப்பில் அங்குலத்துக்கு 12 எழுத்து. புதுப் பதிப்புக்கு அந்த எழுத்துரு கிடைக்கவில்லை, அங்குலத்துக்கு 10 விழுகிற இன்னொன்றை அதுவாகவே எடுத்துக்கொண்டது. எழுத்து அகலமானது, கட்டம் அகலமாகவில்லை. 99,999.00 வரை ஒன்பது எழுத்து, உள்ளே நிற்கும். லட்சம் தொட்டால் பதினொன்று. வலது ஓரமாக நிறுத்துவதால் இடது பக்கம் வெட்டுப்படும். இடம் போதாவிட்டால் ##### என்று போடச் சொல்லியும் வைக்கலாம். அப்படி வைத்திருந்தால் யாரும் ஏமாந்திருக்க மாட்டார்கள். எங்களுடையதில் வெட்டச் சொல்லி வைத்திருந்தார்கள்.

சோதித்துப் பார்த்து 'சரியாக உள்ளது' என்று கையெழுத்துப் போட்டது யார் என்று கேட்கிறீர்களா? அடியேன்தான். என் சொந்தப் பாஸ்புக்கை வைத்துத்தான் சோதித்தேன். மாசக் கடைசி. என் கணக்கில் லட்சம் எங்கே இருக்கும்?

அன்று சாயந்திரமே அந்தப் பத்து நாளில் அடித்த பாஸ்புக்குகளின் பட்டியலை எடுத்து, லட்சத்துக்கு மேல் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டோம். புது வடிவமைப்பு வரும்வரை பேனாவால் திருத்தி, சுருக்கொப்பமும் முத்திரையும்.

அதற்கு முன்னால் ஆச்சி ஒன்று கேட்டார். "அவன்கிட்ட நீயே சொல்லிருய்யா. நான் சொன்னா எடுக்க மாட்டான்."

போன் போட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சார், மெஷின் தப்புன்னு எழுதிக் குடுப்பீங்களா?" என்றான்.

"தர்றேன் தம்பி. தமிழ்ல எழுதட்டுமா?"

"தமிழ் படிக்க வராது சார். இந்தியில எழுதுங்க, தெருவுல நாலு பேருக்குக் காட்டணும்."

என் இந்தி உங்களுக்குத் தெரியாதது இல்லை. பியூன் நாலு இடத்தில் திருத்தினார். மறுநாள் பையன் வந்து வாங்கி, இரண்டு தடவை படித்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். ஆச்சி கூட வரவில்லை.