பேரைத் தேய்ச்சுடாதீங்க!

இண்டஸ்ட்ரியல் விசிட்டுக்குக் காசு கட்டணும். அப்பா கையை விரிச்சுட்டார். பாட்டியோட டிரங்குப் பெட்டியைக் குடைஞ்சேன். ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே வர்ற வெள்ளிப் பதக்கம் கிடைச்சது!

நேரா வேலூர் லாங் பஜார். எடை போட்ட கடைக்கார அண்ணன், "தம்பி, விளிம்புல எழுத்து இருக்கே"ன்னு லென்ஸை நீட்டினார்.

ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ். மறுபக்கம் குதிரை வீரன், 1914, 1918. முதல் உலகப் போர்ப் பதக்கம்! விளிம்புலதான் வீரரோட எண், பதவி, பேர், படைப்பிரிவு பொறிப்பாங்க. 'க்யூ.வி.ஓ. எஸ் அண்டு எம்' தெரிஞ்சது. மெட்ராஸ் சாப்பர்ஸோட அந்தக்காலப் பேர் அது. வீரர் பேர் இருந்த இடம் மட்டும் வழவழ! பாட்டி வருஷா வருஷம் விபூதி போட்டுத் தேய்ச்ச தேய்ப்பு அப்படி.

வெளியே வந்தா மணிக்கூண்டு. அதுல உள்ள கல்வெட்டை அன்னிக்குத்தான் படிச்சேன். இந்த ஊர்லேருந்து அந்தப் போருக்குப் போனவங்க 277 பேர், உயிரைக் கொடுத்தவங்க 14 பேர். வெறும் எண்ணிக்கை. கையில இருக்கிறதை உருக்கினா, என் கொள்ளுத்தாத்தாவும் வெறும் எண்ணிக்கைதான்.

வீட்டுக்குத் திரும்பி, திருட்டை ஒப்புக்கிட்டேன். திட்டு வாங்கினேன். அப்புறம், "அவர் பேர் என்ன பாட்டி?"

"மாமனார் பேரை வாயால சொல்லுவாங்களாடா?"

தட்டுல விபூதியைப் பரப்பி, விரலால எழுதிக் காட்டினாங்க. உடனே டைரியில எழுதிக்கிட்டேன்.

இனி ஆயுத பூஜைக்குப் பூ மட்டும்தான். தேய்ப்பு கட்!