அம்மா உயரத்துக்கு ஒரு மேடை



மாமல்லபுரத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். தாத்தா கட்டிய ஓட்டு வீடு. அடுப்பங்கரையில் ஜன்னலே கிடையாது. கேஸ் வந்த பிறகும் சோறும் வெந்நீரும் விறகில்தான். அந்தப் புகையில் அம்மாவுக்கு இருமல் நிற்கவே இல்லை.

போன கோடையில் அதை மாற்றிக் கட்டினோம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் படிக்க வந்தவன் நான். அப்பா சிற்பக் கூடத்தில் கல் வேலை செய்பவர். "சிவில் படிக்கிற புள்ள, நீயே சொல்லு" என்று விட்டுவிட்டார்.

எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோரம் தேங்கும். பக்கத்தில் விறகு எரிந்தால் என்ன ஆகும்? எனவே முதல் வேலையாக விறகடுப்பு தோட்டத்துத் தாழ்வாரத்துக்குப் போனது. கேஸ் வெளியேறச் சுவரின் அடியில் ஒரு திறப்பு. ஆவியும் தாளிப்புப் புகையும் போக மேலே ஒரு திறப்பு.

அடுத்தது மேடை. "முப்பத்திமூணு இஞ்ச் தம்பி, எல்லா வீட்லயும் அதான்" என்றார் மேஸ்திரி. அம்மாவோ நாலடி ஒன்பது அங்குலம்! மேடைமேல் அடுப்பு, அதன்மேல் குண்டான் என்றால் கை தோளுக்கு மேலே போகும். டேப்பை எடுத்தேன். தரையிலிருந்து அம்மாவின் முழங்கை 36 அங்குலம். அதில் ஆறு குறைத்து 30 வைத்தோம். "அருவாமணைக்குக் கீழ எடம் உடுடா" என்றார் அம்மா. அதையும் விட்டோம்.

புது ஜன்னலுக்கு லிண்டல் வேண்டும். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும். துரு உப்பிக் கான்கிரீட்டை வெடிக்க வைக்கும். அதனால்தான் கடலோரத்தில் கம்பிக்கு மேல் 45 மி.மீ. கவர் கேட்கிறது ஐ.எஸ். 456:2000. நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, அப்பா சிரித்தார்.

"மூணடி ஜன்னலுக்குக் கம்பி எதுக்குடா? கருங்கல்லு வெச்சுடலாம். கடற்கரைக் கோயில்ல எந்தக் கம்பி இருக்குது?"

எட்டாம் நூற்றாண்டுக் கோயில் அது. அலையோரம் தேய்ந்தும் நிற்கிறது. கல்லை அப்பாவே கொத்தி வைத்தார்.

இப்போது அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் நாம்தான் முதல் டிப்ளமா. ஆனால் முதல் அறிவாளி நாமல்ல. புத்தகத்தை ஒரு கையிலும் டேப்பை மறு கையிலும் வைத்துக்கொள்வோம். காதை மட்டும் வீட்டாருக்குக் கொடுப்போம்!