ராத்திரி ஒன்றரைக்கு மட்ச்

இன்னைக்கு ராத்திரி ஸ்பிரிங்வெளியில நாங்க தூங்கப் போறதில்ல. பிரேசில் – ஜேர்மனி அரையிறுதி, நம்ம நேரத்துக்கு 1.30 மணிக்கு. ஆடி மாசக் காத்து லயத்துத் தகரத்தைப் பிடுங்குது. கரண்ட் மட்டும் போகாம இருக்கணும்.

நாங்க மஞ்சள் சட்டைக்காரங்க. 2002ல தொத்துன வியாதி அது. லயத்துல இருந்த ஒரே டீவி முன்னால குந்தி யோகோஹாமா இறுதியாட்டத்தைப் பார்த்தோம். ஒலிவர் கான் கையில நழுவுன பந்தை ரொனால்டோ உள்ள தள்ளினார். கொஞ்ச நேரத்துல இன்னொன்னு. 2–0. அடுத்த வாரம் எங்கள்ல பாதிப்பேர் முன்நெத்தியில மட்டும் முடிய விட்டு மொட்டையடிச்சு, வீட்டுல அடியும் வாங்கினோம். உலகக் கிண்ணத்துல இந்த ரெண்டு அணியும் மோதினது அந்த ஒரு தடவைதான். அன்னைக்கு மஞ்சள் அட்டையால பலாக் இல்லாம ஜேர்மனி ஆடுச்சு. இன்னைக்கு அதே மஞ்சள் அட்டை பிரேசில் தலைவர் தியாகோ சில்வாவை வெளிய உக்கார வச்சிருக்கு.

அதைவிடப் பெரிய ஓட்டை நெய்மார். கொலம்பியாவோட ஆடும்போது முதுகுல முழங்கால் இடிச்சு முள்ளெலும்பு உடைஞ்சிடுச்சு. அவர் இருந்தப்பவே சிலியை பெனால்டியிலதான் தாண்டினாங்க, அதுவும் ஜூலியோ சீசர் புண்ணியத்துல.

இது எங்களுக்குப் பழகின கதை. எங்க தோட்ட டீம்லயும் ஒரு பத்தாம் நம்பர் இருந்தான். பந்து கிடைச்சா அவன்கிட்ட குடு. எங்க திட்டமே அவ்வளவுதான். போன வருஷம் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போயிட்டான். அடுத்த மட்ச்சுல பந்தைக் கால்ல வச்சுக்கிட்டு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கிட்டு நின்னோம். அஞ்சு கோல் வாங்கினோம்.

ஜேர்மனிக்காரங்க அப்படி நிக்க மாட்டாங்க. யூரோ 2000ல முதல் சுற்றோட வெளியேறின பிறகு, பெரிய கழகங்கள் எல்லாம் பிள்ளைகளுக்குப் பயிற்சிக்கூடம் நடத்தியே ஆகணும்னு கட்டாயமாக்கினாங்க. நொயர், ஹம்மெல்ஸ், போட்டெங், கெதிரா, ஓசில் எல்லாரும் 2009ல 21 வயசுக்குக் கீழ்ப்பட்டோருக்கான ஐரோப்பியக் கிண்ணத்தை ஒண்ணா ஜெயிச்சவங்க. ரொய்ஸ் காயம்பட்டு பிரேசிலுக்கே வரல. அவரை யாராவது தேடினாங்களா? அல்ஜீரியா மேலதிக நேரம் வரைக்கும் இழுத்து மூச்சு வாங்க வச்சுச்சு, உண்மைதான். ஆனா பிரான்சை அலட்டிக்காம 1–0ன்னு அனுப்பிட்டாங்க. 2002 தோல்வியில ஆடின குளோசே, 36 வயசுல இன்னும் இருக்கார். 15 கோல், ரொனால்டோவுக்குச் சமம். இன்னொன்னு போட்டா சாதனை அவருக்கு.

ஸ்கோர் என்னன்னு கேட்டா, ஜேர்மனி 2–1ன்னுதான் சொல்லுவோம். சட்டை மட்டும் மஞ்சள்.

பார்க்க வர்றவங்க தேத்தண்ணிக்கு சீனி கொண்டு வாங்க. கத்தக் கூடாது, பக்கத்துக் காம்பராக்காரங்க விடிஞ்சதும் பெரட்டுக்குப் போகணும். பத்தாம் நம்பர் கொழும்புல இருந்து மெசேஜ் போட்டிருக்கான். தங்குற எடத்துல டீவி இல்லையாம். பிரேசில் கோல் போட்டா ஒரு மிஸ்ட் கோல், ஜேர்மனி போட்டா ரெண்டு.