பாவை மன்றத்தின் முன் ஒரு மாலை

சென்ற தை மாதத்தில் யாம் எம் தமையனாருடன் பூம்புகார்க்குச் சென்றிருந்தோம். 1973-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைக் கண்டபின், பாவை மன்றத்தின் அருகே அமர்ந்தோம். அப்பொழுது தமையனார் தம் சட்டைப்பையினின்று ஒரு கடிதத்தை எடுத்து எம்மிடம் நீட்டினார்.

எம் அன்னையார் காலமானது சிகிச்சைப் பிழையால் என்று கருதிய அவர், மருத்துவர்களைப் பதிவு செய்யும் கழகமொன்றில் முறையிட்டிருந்தார். இரண்டாண்டுகள் கழித்து, விசாரணை முடிந்தது, மேல்நடவடிக்கை தேவையில்லை என்று ஒருவரி விடை வந்தது. மருத்துவர் தந்த விளக்கத்தையும் வல்லுநர் கருத்தையும் காட்டுமாறு கேட்டார். அவை இரகசியம் என்பதே அக்கடிதத்தின் சாரம்.

“அம்மாவின் கடைசி நாளைப் பற்றிய ஏடு, பிள்ளைக்கு இரகசியமோ, தம்பி?” என்றார். யாம் உடனே விடைகூற இயலாதிருந்தோம்.

ஏனெனில், எம்மோடு பயின்ற மருத்துவ நண்பர் ஒருவர் நினைவுக்கு வந்தார். அவர்மீது எழுந்த முறையீட்டின் படி, விசாரணை தொடங்குமுன்னரே ஊரெங்கும் உலவிற்று. நோயாளர் வருகை நின்றது. ஓராண்டின்பின் முறையீடு பொய்யென்று தள்ளப்பட்டது. பழியை வீடுதோறும் சுமந்து சென்ற ஊர், அத்தீர்ப்பைச் சுமக்கவில்லை. இரகசியத்தின் அருமையை அன்று உணர்ந்தோம்.

அவ்வாறாயின் எதை மூடுவது, எதைத் திறப்பது? இளங்கோவடிகள் கூறும் புகாரின் ஐவகை மன்றங்களை எண்ணிப்பார்த்தோம். பூதசதுக்கத்துப் பூதம் தவவேடத்தில் மறைந்து தீமை செய்வாரை ஒறுக்கும். பொய்ச்சாட்சி சொல்வாரையும் புறங்கூறுவாரையும் அதுவே ஒறுக்கும். தொழிலின் போர்வையில் தவறுவோர்க்கும் வீண்பழி சுமத்துவோர்க்கும் ஒரே பாசம். அதன் குரலோ நான்கு காதம் கேட்கும். பாவை மன்றத்துப் பாவையோ, அறங்கூறும் அவை ஒருபக்கம் சாயின், நாவால் ஒன்றும் உரையாது கண்ணீர் உகுக்கும். அவையும் பிழைக்கக்கூடும் என்று அறிந்தே அம்மன்றத்தை வைத்தனர் போலும்.

இக்காலச் சட்டத்திலும் இவ்விருநோக்கும் உண்டு. 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள், முறையீட்டை 6 மாதத்துள் முடிக்கவேண்டும் என்கின்றன. மருத்துவரின் பெயர் பதிவேட்டினின்று நீக்கப்படின் அதனைப் பத்திரிகைகளில் பரவலாக வெளியிடவும் பணிக்கின்றன. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமோ, நடைபெறும் விசாரணைக்கு இடையூறாவதை மறுக்க இடந்தருகின்றது. 2012-இல் உச்ச நீதிமன்றம், தேஷ்பாண்டே வழக்கில், அரசு ஊழியர் ஒருவர் பெற்ற குறிப்பாணைகளும் தண்டனை விவரங்களும் தனிச்செய்தியே என்றது. 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிச்செய்திக்குரிய விலக்கை மேலும் விரித்தது. எனினும், வெளிப்படுத்துவதால் விளையும் பொதுநலம் தீங்கினும் மிகுமாயின் செய்தியைத் தரலாமென்னும் 8(2) பிரிவும், மறைக்கத்தக்க பகுதியை நீக்கி எஞ்சியதைத் தரலாமென்னும் 10-ஆம் பிரிவும் நிற்கின்றன.

ஆகவே எம் கருத்து இது: விசாரணை நடக்குங்கால் ஏடு மூடியிருக்கட்டும், அது எம் நண்பர் போன்றோர்க்குக் காப்பு. முடிந்தபின், முறையிட்டவர்க்கேனும் முடிவின் காரணம் எழுத்தில் கிடைக்கவேண்டும். பிற நோயாளர் பெயரும் குறிப்பும் மறைக்கப்படுக. நீக்கத்தை ஊரறியச் செய்யும் விதி, தள்ளுபடிக்குக் காரணம் கூற அஞ்சுவானேன்? காரணம் அறியாத மகன் மருத்துவரையும் ஐயுறுவான், கழகத்தையும் ஐயுறுவான். குற்றமற்ற மருத்துவரும் அவன் மனத்தில் விடுதலை பெறார்.

மாணவ நண்பர்காள்! உங்களுள் சிலர் நாளை மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் விளங்குவீர். சிலர் இத்தகைய அவைகளில் அமரவும் கூடும். ஏட்டை மூடுமுன், அது எவரைக் காக்கின்றது என்று ஒருமுறை கேளுங்கள்.

அன்றிரவு வீடு திரும்பியதும் தமையனார் முதல் மேல்முறையீட்டை எழுதினார். மேல்முறையீட்டுக்குரிய 30 நாளில் இன்னும் 4 நாள் எஞ்சியிருந்தன. மருத்துவரின் விளக்கமும் தள்ளுபடியின் காரணமும் மட்டும் போதுமென்று கேட்டிருந்தார். யாம் அதனைப் படியெடுத்துக் கொடுத்தோம்.