மாமாவின் டிரெய்லரும் 75 எம்.எம். ஆக்ஸிலும்

அரியலூரிலிருந்து கல்லங்குறிச்சிக்கு வந்தவர்களுக்கு இரண்டு விஷயம் ஞாபகம் இருக்கும். ஒன்று, சிலைக்குப் பதிலாகக் கல் கம்பத்தையே கும்பிடும் கலியுக வரதராஜப் பெருமாள் கோவில். இன்னொன்று, சுண்ணாம்புக்கல் லாரிகள். ஊருக்கு அடியில் இருக்கும் பாறைக்கு நிலவியல்காரர்கள் எங்கள் ஊர்ப் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய 7 கோடி வருஷத்துக்கு முன்னால் கடலாக இருந்த இடம். சுரங்கத்தில் கிளிஞ்சல் கிளிஞ்சலாகக் கிடைக்கும். அந்தக் கடலைத்தான் 1979-ல் அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை வந்ததிலிருந்து டன் கணக்கில் அள்ளிக்கொண்டிருக்கிறோம். :-)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஊரே பாரம் ஏற்றும் ஊர் என்பதால் மாமாவுக்கும் ஒரு ஆசை. அவரிடம் இரண்டு சக்கர டிராக்டர் டிரெய்லர் ஒன்று இருக்கிறது. நெல், சோளம், எரு என்று ஓட்டிக்கொண்டிருந்தார். இப்போது வீடு கட்டுகிறவர்களுக்கு ஜல்லி அடிக்கலாம் என்று நினைக்கிறார். "மாப்ள, நீ மெக்கானிக்கல்தானே படிக்கிற? 65 எம்.எம். ஆக்ஸில எடுத்துட்டு 75 போட்டா ஒன்றரை யூனிட் தாங்குமா?" என்று கேட்டார்.

ஒரு யூனிட் என்பது 100 கன அடி. அவ்வளவு ஜல்லி நாலு டன்னைத் தாண்டும். ஒன்றரை யூனிட் என்றால் ஆறு டன்னுக்கு மேல், டிரெய்லரின் சொந்த எடை தனி.

ஆக்ஸிலை மட்டும் பார்த்தால் மாமாவின் கணக்கு சரிதான். சதுர இரும்பு வளையாமல் தாங்கும் பலம், பக்க அளவின் மூன்றாம் படியில் ஏறும். 75-ஐ 65-ஆல் வகுத்து மூன்று முறை பெருக்கினால் 1.54 வரும். பத்து எம்.எம். கூடினதற்கு ஒன்றரை மடங்கு பலம்! லேத் பட்டறைக்காரர் சூத்திரம் எதுவும் படிக்காமலே இதைச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னாராம். புது டயர் பெரிசு, தொட்டியில் உரசாமல் இருக்க ஆக்ஸிலை இரண்டு பக்கமும் கொஞ்சம் நீட்டிவிடலாம் என்று. இங்கேதான் எனக்கு உதைத்தது. பட்டை உட்காரும் இடத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் ஆக்ஸிலை வளைக்கிறது. அது அரை அடியிலிருந்து முக்கால் அடி ஆனால் வளைக்கும் விசையும் ஒன்றரை மடங்கு. கூட்டின பலம் அங்கேயே கரைந்துவிடும். நீளம் பத்தவில்லை என்று துண்டு வைத்து வெல்டிங் அடித்தால் இன்னும் மோசம். சூடுபட்ட இடத்தை ஒட்டித்தான் பெரும்பாலும் விரிசல் விடும்.

அப்புறம் பேரிங், ஹப், போல்ட், ரிம், பட்டை, சேஸிஸ், கொக்கி. இதில் எது இளைத்ததோ அதுதான் வண்டியின் பலம். டயர் எவ்வளவு தாங்கும் என்று அதன் பக்கவாட்டிலேயே பொறித்திருப்பார்கள், யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

எனக்குப் பயமெல்லாம் பிரேக்கில். மாமாவின் டிரெய்லரில் பிரேக்கே கிடையாது. நம் பக்கம் ஓடும் பல டிரெய்லர்கள் அப்படித்தான். நிறுத்துவது முழுக்க டிராக்டர் வேலை. பாரம் ஒன்றரை மடங்கு ஆனால், அதே வேகத்தில் வந்து நிற்க பிரேக் தின்ன வேண்டிய சக்தியும் கூடும். இறக்கத்தில் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும், டிராக்டர் மடங்கிக்கொண்டு திரும்பும். அந்த சீட்டில் உட்காரப்போவது மாமாவின் பையன், போன வருஷம்தான் லைசென்ஸ் எடுத்தான்.

சட்டமும் இருக்கிறது. ஆக்ஸில் மாற்றினால் ஆர்.சி. புக்கில் இருக்கும் எடை தானாக மாறாது. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 தனி. "லாரிக்காரனுக்கு மட்டும் ஏத்திக் குடுத்தாங்களே?" என்றார் மாமா. உண்மைதான், 2018 ஜூலையில் நாலு டயர் ஆக்ஸிலுக்கு 10.2 டன்னாக இருந்ததை 11.5 ஆக்கினார்கள். ஆனால் ரோடு என்ன செய்யும்? அமெரிக்காவில் 1958 முதல் 1960 வரை இதற்கென்றே ரோடு போட்டு லாரி ஓட்டிச் சோதித்தார்கள். சேதம் ஏறக்குறைய எடையின் நான்காம் படியில் ஏறுகிறது என்று அதிலிருந்து கணக்கிட்டார்கள். அதன்படி எடை எட்டில் ஒரு பங்கு கூடினால் சேதம் ஒன்றரை மடங்குக்கும் மேல். மழைக்காலத்தில் நம்ம ரோட்டில் சைக்கிள் ஓட்டினவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மாமாவிடம் நான் சொன்னது இதுதான். 75 போடுங்கள், ஆனால் நீட்டாமல், ஒரே துண்டாக. டிரெய்லருக்குப் பிரேக் வைக்க ஆகும் செலவை முதலில் விசாரியுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் கேளுங்கள். பாரம் மட்டும் புக்கில் இருக்கிறபடியே இருக்கட்டும், மிச்ச பலம் பள்ளத்துக்கு.

"அப்ப ஆக்ஸில் மாத்தி எனக்கு என்னடா லாபம்?" என்றார். அத்தை உள்ளேயிருந்து, "புள்ள வீடு வந்து சேருவான்ல" என்றார். மாமா ஒன்றும் சொல்லவில்லை. ஆர்.சி. புக்கை எடுத்துக்கொண்டு, ஒரு யூனிட் ஏற்றி முதலில் எடைமேடையில் நிறுத்திப் பார்க்கிறேன் என்று போயிருக்கிறார்.