மான் இல்லாத வேட்டை

தம்பானூரில் ரயிலை விட்டு இறங்கியதும் பையன் கேட்ட முதல் கேள்வி, "பாட்டா, எத்தன மான் நிக்கும்?" என்பதுதான். ஆறு வயது. நாகர்கோவிலிலிருந்து பாட்டா, பாட்டி, அப்பா, அம்மா என்று வீடே கிளம்பி வந்திருந்தது. 'வேட்டை பார்க்கப் போறோம்' என்று சொன்னதை அவன் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறான். வேட்டை என்றால் காடு, காடு என்றால் மான். பாட்டா திருத்தவில்லை. "வந்து பாரு மக்களே" என்றார்.

எனக்குப் பழக்கமான குடும்பம் அது. பங்குனி பிறந்தால் ஒருநாள் இரவு பத்மநாபசுவாமி கோவிலின் பள்ளிவேட்டைக்குத் திருவனந்தபுரம் போய்விடுவார்கள். பாட்டாவை அவருடைய அப்பா கூட்டிவந்தார். 1956-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அந்தப் பயணம் நிற்கவில்லை. இந்த வருடம் பேரனுக்கு முதல் தடவை. நானும் சேர்ந்துகொண்டேன்.

நேரம் நிறைய இருந்தது. பேருந்து நிலையத்தை ஒட்டி நிற்கும் இந்தியன் காபி ஹவுஸுக்குப் போனோம். லாரி பேக்கர் வடிவமைத்த சிவப்புச் செங்கல் கட்டடம். படிக்கட்டே கிடையாது, சரிவான தரை சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது. பையன் இரண்டு தடவை ஓடி ஏறி ஓடி இறங்கினான். பீட்ரூட் போட்ட கட்லெட்டைப் பிட்டுக்கொண்டே பாட்டா வேட்டையின் கதையை ஆரம்பித்தார்.

இறைவனின் வேட்டை என்பதால் பள்ளிவேட்டை. இந்தக் கோவிலில் வருடத்துக்கு இரண்டு பத்துநாள் திருவிழா. இரண்டின் பெயர்களும் பைங்குனி, அல்பசி என்று நம்முடைய பங்குனியையும் ஐப்பசியையும் இன்னும் சுமந்துகொண்டிருக்கின்றன. ஒன்பதாம் நாள் இரவு வேட்டை, பத்தாம் நாள் சங்குமுகம் கடலில் ஆறாட்டு, அதாவது இறைவனின் நீராட்டு. ஆறாட்டு ஊர்வலம் விமான நிலையத்தின் ஓடுபாதையைக் கடந்துதான் கடலுக்குப் போக வேண்டும். அன்று மாலை சில மணி நேரம் விமானங்கள் நின்றுவிடுகின்றன. உலகம் அறிந்த செய்தி அது. வேட்டையைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு.

தம்பானூரிலிருந்து கிழக்கேக்கோட்டைக்கு நடக்கும் தூரம்தான். கோட்டை வாசலுக்கு எதிரே பாண்டவர் ஐவரின் பேருருவங்கள். பங்குனித் திருவிழாவுக்கு மட்டும் நிறுத்துவார்கள். இந்திரன் மகிழ்ந்து மழை தருவான் என்பது நம்பிக்கை. பீமனின் கதாயுதத்தை அண்ணாந்து பார்த்த பையனுக்குக் கொஞ்ச நேரம் மான் மறந்துபோனது.

கோவிலின் மேற்கு நடை வழியே வெளியே வந்தால் சுந்தரவிலாசம் அரண்மனை, அதையொட்டி வேட்டைக்கொருமகன் கோவில். அதன் முன்னால்தான் வேட்டைக்களம். தெருவில் ஒரு காட்டை உண்டாக்கியிருந்தார்கள். பச்சைக் கொப்புகளை ஊன்றி, இலையோடு இலை சேர்த்து, நடுவில் குறிக்கு இடம் விட்டிருந்தார்கள். ஒரே ஒரு இரவுக்கு நிற்க வேண்டிய காடு. விடிந்தால் தெருவைப் பெருக்கிவிடுவார்கள். ஆனாலும் தழை வாடக்கூடாது, குறி சரியக்கூடாது, பல்லக்கும் கூட்டமும் போக வழி வேண்டும். கொப்பு ஒடித்துக் கொண்டுவந்தவர், கட்டியவர், பந்தம் பிடிப்பவர், வாகனத்துக்குத் தோள் கொடுப்பவர் யாருடைய பெயரும் விழா நோட்டீஸில் வராது. அந்த இரவு அவர்கள் கையில்தான் இருக்கிறது.

வேட்டைக்கொருமகன் கோவிலில் உட்கார்ந்திருப்பவரின் கதையைப் பாட்டா சொன்ன விதம் எனக்கு மிகவும் பிடித்தது. சிவனும் பார்வதியும் வேடனும் வேட்டுவச்சியுமாகக் காட்டில் திரிந்த காலத்தில் பிறந்த பிள்ளை அவன். அப்பாவும் அம்மாவும் வில்லோடு அலைகிறார்கள். பிள்ளையும் வில்லைப் பிடித்தான். பிடித்தவன் நிறுத்தவில்லை. கண்ட இடத்தில் அம்பு விட்டான், முனிவர்களுக்கும் தொல்லை. கடைசியில் விஷ்ணு ஒரு கிழட்டு வேடனாக வந்து பொன்னால் ஆன சுரிகையைக் காட்டினார். பிள்ளைக்கு ஆசை வந்துவிட்டது. "தருகிறேன். ஆனால் இதை வலக்கையிலிருந்து கீழே வைக்கவே கூடாது" என்றார். சரி என்று வாங்கிக்கொண்டான். ஒரு கையில் சுரிகை, ஒரு கையில் வில். இனி நாணை இழுக்க எந்தக் கை இருக்கிறது? வில்லைப் பிடுங்காமலே எய்ய முடியாமல் செய்துவிட்டார் அந்தக் கிழவர். அடம்பிடிக்கும் பிள்ளைகளை வளர்த்த யாரோதான் இந்தக் கதையைச் சொல்லியிருக்க வேண்டும்.

இந்தத் தெய்வத்துக்கு மலபாரில் பெரிய மரியாதை. கோழிக்கோட்டுப் பக்கம் பாலுசேரிக் கோட்டையில் மூலக்கோவில். அங்கெல்லாம் 'பந்தீராயிரம்' என்றொரு வழிபாடு உண்டு. ஒரே ஆள் உட்கார்ந்து, இரண்டு கையாலும் மாறி மாறி, 12,000 தேங்காய்களை உடைத்துத் தீர்ப்பார். அதற்கு மணிக்கட்டும் மூச்சும் வருடக்கணக்கில் பழகியிருக்க வேண்டும்.

திருவனந்தபுரத்திலேயே இன்னொரு வில் இருக்கிறது. கரமனையில் விளையில் வீடு என்ற குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஓணவில் செய்கிறது. அதற்குப் பள்ளிவில் என்றும் பெயர். 41 நாள் விரதம் இருந்து, கடம்பு, மகாகனி போன்ற மரத்தை வள்ளம் போலச் செதுக்கி, சிவப்புப் பூசி, அனந்தசயனம், தசாவதாரம், ராமர் பட்டாபிஷேகம் என்று சித்திரம் எழுதுவார்கள். நீளம் மூன்றரை அடி முதல் நாலரை அடி வரை. ஆவணித் திருவோணத்தன்று அது பத்மநாபனுக்குப் போகும். வில்லில் தொங்கும் சிவப்புக் குஞ்சலத்தைப் பூஜப்புரை மத்திய சிறையில் இருப்பவர்கள் முடைந்து கொடுப்பது வழக்கம். இந்த வில்லில் நாண் ஏற்றுவதில்லை. அது எய்வதற்கான வில் அல்ல, எழுதுவதற்கான வில்.

இரவு எட்டைத் தாண்டியது. தெருவில் பேச்சு தானாகவே தணிந்தது. பள்ளிவேட்டைக்குப் போகும் ஊர்வலத்தில் மேளம் கிடையாது, நாதஸ்வரம் கிடையாது, சங்கு கிடையாது. வேட்டைக்காரன் சத்தம் போட்டால் இரை ஓடிவிடுமே. பத்மநாபனும் நரசிம்மரும் கிருஷ்ணனும் வாகனத்தில் வர, தோள் கொடுத்தவர்கள் காலடி ஓசை கேட்காமல் நடந்தார்கள். அந்தச் சுமையோடு அப்படி நடப்பது பெரிய கலை. கூட்டத்தில் குழந்தைகள்கூட அழவில்லை. பையன் அப்பாவின் தோளில் இருந்தான், வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டு.

1750 ஜனவரியில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாபனுக்கு எழுதி வைத்து, தன்னைப் பத்மநாபதாசன் என்று அழைத்துக்கொண்டார். அந்த அரச குடும்பத்தின் மூத்தவர்தான் இன்றும் வில்லை எடுக்கிறார். தழைக்குள் வைத்திருப்பது ஒரு கருக்கு. நாஞ்சில் நாட்டில் நாம் கருக்கு என்று சொல்லும் இளநீருக்கு மலையாளத்தில் கரிக்கு. தீமைக்கு அது உருவம். நாண் இழுபட்டது, அம்பு போய்த் தைத்தது. மறுநொடி சங்கு முழங்கியது. மேளம் ஒன்றாக எழுந்தது. அதுவரை அடக்கி வைத்திருந்த மூச்சையெல்லாம் தெரு சேர்த்து விட்டதுபோல இருந்தது.

"மான் எங்க பாட்டா?"

"மான் பொழச்சிட்டு மக்களே."

பையன் அதை ஏற்றுக்கொண்டான். அவன் முகத்தில் ஏமாற்றம் இல்லை, ஒரு நிம்மதிதான் தெரிந்தது.

வேட்டைப் பருவத்தைப் பிள்ளைகளோடு பகிர்ந்துகொள்வது உலகெங்கும் உள்ள பழக்கம்தான். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மான் வேட்டை தொடங்கும் நாளில் பல பள்ளிகளுக்கு விடுமுறை விடுவது 2018 வரை நெடுங்கால வழக்கமாக இருந்தது. அப்பாவோடு ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு பிள்ளைகள் காட்டுக்குப் போவார்கள். அங்கே மான் கூட்டம் பெருகாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் அதில் இருக்கிறது. நம் நிலை வேறு. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991-ல் வந்த திருத்தமும் உரிமம் வாங்கி வேட்டையாடும் வழியையே அடைத்துவிட்டன. புள்ளிமானும் மிளாவும் அந்தக் காவலில்தான் இருக்கின்றன. அதற்கு வெகு முன்பே, சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்தில், 1934-ல், பெரியாறு ஏரியைச் சுற்றிய காட்டைத் திருவிதாங்கூர் சரணாலயமாக்கியது. அவரும் பள்ளிவேட்டைக்கு வில் எடுத்த மரபில் வந்தவர்தான். பிள்ளைக்கு வேட்டையிலிருந்து கொடுக்க வேண்டியதெல்லாம் காத்திருப்பு, அமைதி, குறி, கூட்டத்தோடு நிற்பது. இவை அத்தனையையும் ஓர் உயிர்கூடப் போகாமல் கொடுக்கும் இந்த இரவைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

கேரளக் கோவில்களில் வேட்டை முடிந்து திரும்பிய தெய்வத்தை முளைத்த தானியங்களின் நடுவே உறங்க வைப்பார்கள். விடியலில் கண் விழிக்கும்போது முதல் காட்சியாகப் பசுவும் கன்றும் நிற்க வேண்டும்.

மறுநாள் காலை பாட்டா பேரனை மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப்போனார். 1857-ல் தொடங்கிய பழைய தோட்டம். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற புள்ளிமான்களைப் பையன் விரல் விட்டு எண்ணி, நேற்று ராத்திரி தப்பியது இதில் எது என்று கேட்டான்.

ஐப்பசியில் மறுபடியும் வேட்டை வரும். நாகர்கோவிலிலிருந்து வருபவர்கள் தம்பானூரில் இறங்கி நடந்தே போகலாம். இருட்டுவதற்கு முன்பே சுந்தரவிலாசம் பக்கம் இடம் பிடித்துவிடுங்கள், பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொள்ளுங்கள். கீழே நின்றால் அம்பு தெரியாது.